பிட் நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி இந்த கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ல ஒரு பிரிண்டிங் கடை கவுண்டர்ல உக்காந்திருக்கேன், அதனால என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி, "தம்பி, அஞ்சாயிரம் நோட்டீஸ் அடிச்சா எவ்ளோ ஆகும்?" கேக்குறது புதுசா டேக்அவே (பார்சல் சாப்பாட்டுக் கடை) தொறந்த ஆன்ட்டியா இருக்கும், வீட்லயே டியூஷன் எடுக்கற டீச்சரா இருக்கும், பிளம்பிங் வேலை பாக்கற அண்ணனா இருக்கும். அடிக்கிற செலவு எவ்ளோன்னு எல்லாரும் கேக்குறாங்க, அதை யாரு எடுத்துட்டு போய் எந்த வீட்டு கேட்ல போடப்போறாங்கன்னு நான் திருப்பிக் கேட்டா முக்காவாசி பேர்கிட்ட பதில் இல்ல. என் அபிப்பிராயம் இதான், பேப்பருக்கு கொடுக்கற காசை குறைச்சு நடந்து போடுற ஆளுக்கு கூட்டிக் கொடுங்க, அஞ்சாயிரம் வேணாம், ரெண்டாயிரம் போதும், ஆனா அதே தெருவுக்கு திரும்பத் திரும்ப போகணும்.

அஞ்சாயிரம்னு ஏன் ஆசை வருதுன்னா ஆஃப்செட்ல, அதாவது அச்சுத் தகடு வெச்சு அடிக்கற மெஷின்ல, அந்த பிளேட் போடுற காசு 1000 அடிச்சாலும் 10,000 அடிச்சாலும் அதேதான், அதனால எண்ணிக்கை ஏற ஏற ஒரு நோட்டீஸோட விலை இறங்கிட்டே வரும், பாக்கறதுக்கு லாபமா தெரியும். ஆனா கடையில ஒரு மூலையில கட்டு பிரிக்காம கெடக்குற மூவாயிரம் நோட்டீஸ் என்ன விலைன்னா என்ன. மெனு விலை மாறிடுச்சுன்னா அப்படியே குப்பைக்குதான் போகும்.

சரி கணக்குக்கு வருவோம். உங்க ஊர் ரேட் வேற மாதிரி இருக்கலாம், இது சும்மா ஒரு கணக்குக்குதான். ஏ6 சைஸ், ஒரு ஏ4 தாள்ல நாலு வரும், ரெண்டு பக்கமும் கலர், ஒண்ணு 60 சென்ட்னு (நூறு சென்ட் ஒரு ரேண்ட்) வெச்சுக்கோங்க. 2000-க்கு 1200 ரேண்ட். போடுற ஆளுக்கு 2025 மார்ச்ல அரசாங்கம் வெச்ச குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 28.79 ரேண்ட். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் மாதிரி வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கற இடத்துல மணிக்கு 120 வீடுன்னு வெச்சாலும் 2000 போட கிட்டத்தட்ட 17 மணி நேரம், கூலி 490 ரேண்ட் பக்கம், டாக்ஸி காசு சாப்பாடு எல்லாம் சேத்தா 600. மொத்தம் 1800. டேக்அவேல ஒரு ஆர்டருக்கு சாமான், கேஸ் செலவு போக 45 ரேண்ட் நிக்குதுன்னா போட்ட காசை எடுக்கவே 40 ஆர்டர் வரணும், அதாவது நூறு வீட்டுக்கு ரெண்டு. அது லேசுல வராதுங்க. ஆயிரத்துக்கு அஞ்சு பேர்னு வந்தா மொத்தம் பத்து பேர், 450 ரேண்ட். இந்த இடத்துல நிறைய பேர் "நோட்டீஸ் வேஸ்ட்"னு முடிவு கட்டிடறாங்க.

ஆனா அந்த பத்து பேர்ல மூணு பேர் உங்க பீன்ஸ் பன்னி சோ (பிரெட்டை குடைஞ்சு உள்ள கறி ஊத்திக் கொடுக்கற நம்ம ஊர் சாப்பாடு) பிடிச்சுப்போய் மாசம் ரெண்டு தடவை வந்தா வருஷத்துக்கு 3240 ரேண்ட். அதான் நோட்டீஸோட உண்மையான பலன். முதல் ஆர்டரை வெச்சு நோட்டீஸை எடை போடவே கூடாது, திரும்ப வர்ற ஆளை வெச்சு போடணும். அப்புறம், திரும்ப வர்றவங்க பக்கத்து தெருக்காரங்களாத்தான் இருப்பாங்க, பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கறவங்க ஆஃபர் இருக்கற வரைக்கும்தான் வருவாங்க. அதனாலதான் சொல்றேன், கடையை சுத்தி இருக்கற 650 வீட்டுக்கு மூணு தடவை போடுங்க, டர்பன் முழுக்க ஒரு தடவை தூவாதீங்க. பிளம்பர் அண்ணனுக்கு கணக்கு வேற, ஒரு வேலையில 400 நின்னாலே அஞ்சு வேலை வந்தா அவர் காசு வந்தாச்சு, அவர் கொஞ்சம் அகலமா போகலாம்.

இப்ப போடுற ஆள் விஷயம். இதை நான் கொஞ்சம் கோவமாவே சொல்றேன். ஆயிரத்துக்கு இவ்ளோன்னு அடிமாட்டு விலைக்கு கான்ட்ராக்ட் எடுத்து, நாள் முழுக்க வெயில்ல நடக்கறவங்களுக்கு ஒரு ரொட்டி காசு கொடுக்கறவங்க இருக்காங்க. நம்ம கடையில அடிச்ச கட்டு ஒண்ணு ரப்பர் பேண்ட் கூட கழட்டாம ஒரு பாலத்துக்கு கீழ ஓடையில ஊறிக் கெடந்ததை நானே பாத்தேன், ஒரு சின்ன கடைக்காரம்மாவோட காசு அது. நடந்த பையனை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அந்த கூலிக்கு யாரு நடப்பா. நேரா நீங்களே ஒரு ஆளை பிடிங்க, மணிக்கணக்குல கொடுங்க, தண்ணி பாட்டில் கொடுங்க, எந்த தெருன்னு பேப்பர்ல வரைஞ்சு கொடுங்க. கூடவே ஒரு சின்ன வேலை, அம்பது அறுபது ரேண்டுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வாங்கி ஒரு தெருவுக்கு செவப்பு மை, இன்னொரு தெருவுக்கு நீல மைன்னு நோட்டீஸ் மூலையில குத்திடுங்க, "இதை கொண்டு வந்தா ஒரு சமோசா ஃப்ரீ"ன்னு போட்டா போதும், திரும்பி வர்ற நோட்டீஸ் மூலையை பாத்தாலே எந்த தெருவுல வேலை செஞ்சிருக்கு, எந்த தெருவுக்கு போகவே இல்லன்னு தெரிஞ்சிடும். இதுக்கு ஆப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

ரோபோட்ல (டிராஃபிக் சிக்னலை இங்க அப்படித்தான் சொல்லுவோம்) நின்னு கார்காரங்களுக்கு கொடுக்கறது எனக்கு பிடிக்கல. இந்த ஊர்ல ஜன்னலை யாரு எறக்கறா, பயம். எறக்கி வாங்கினாலும் அடுத்த ரோபோட்டுக்குள்ள அது சீட்டுக்கு அடியில. செக்யூரிட்டி கேட் போட்ட காம்ப்ளெக்ஸும் வேணாம், உள்ளயே விட மாட்டாங்க. சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட் வாசல் நல்ல இடம், அங்க வர்றவங்க கையில பை இருக்கும், சாப்பாட்டு யோசனையிலயே இருப்பாங்க, பையில போட்டு வீட்டுக்கு கொண்டு போயிடுவாங்க.

"இப்ப எல்லாம் வாட்ஸ்அப்தானே"ன்னு கேப்பீங்க. வாட்ஸ்அப் நல்லதுதான், உங்ககிட்ட வாங்கினவங்களுக்கு. தெரியாத நம்பருக்கெல்லாம் மொத்தமா அனுப்ப முடியாது, தனிப்பட்ட தகவலை பாதுகாக்கற போப்பியா சட்டம் 2021 ஜூலை 1-ல இருந்து முழுசா அமல்ல இருக்கு, சம்மதம் வாங்காம விளம்பர மெசேஜ் அனுப்புறது தப்பு. பேர் நம்பர் எதுவும் இல்லாம கேட்ல சொருகற நோட்டீஸுக்கு அந்த சிக்கல் இல்ல. போதாததுக்கு போஸ்ட் ஆபீஸ் 2023-ல பிசினஸ் ரெஸ்க்யூ, அதாவது நொடிச்சுப்போற நிறுவனத்தை காப்பாத்தற நிலைமை வரைக்கும் போயாச்சு, நிறைய கிளைகளை மூடிட்டாங்க, லெட்டர்பாக்ஸ்ல கடுதாசியே அபூர்வம், உங்க நோட்டீஸ் மட்டும் தனியா தெரியும். விளம்பரம் வேணாம்னு போர்டு மாட்டியிருந்தா மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடுங்க.

தாள் 80 ஜிஎஸ்எம் (தாளோட கனம், சாதா ஜெராக்ஸ் தாள் அளவு) எடுக்காதீங்க, டிசம்பர் ஜனவரி மழையில கூழாயிடும், 135 ஜிஎஸ்எம் பளபளப்புத் தாள் எடுங்க. இங்க்லீஷோட ரெண்டு வரி ஜூலுவும் போடுங்க, நம்ம ஊர்ல பாதிக்கு மேல ஜூலு பேசறவங்கதானே. மாசக் கடைசி சம்பளம் 25-ஆம் தேதி பக்கம் வரும், அதுக்கு முந்தின நாள் போடுங்க, 15-ஆம் தேதி போட்டா பர்ஸ்ல ஒண்ணும் இருக்காது.

டேக்அவே வெச்சிருக்கறவங்களுக்கு புரட்டாசியை விட நல்ல நேரம் கிடையாது. இங்க தமிழ் பேசத் தெரியாத தமிழ்க் குடும்பத்துல கூட புரட்டாசிக்கு கறி மீன் தொட மாட்டாங்க, மாசம் முழுக்க சைவம், தினம் என்ன சமைக்கிறதுன்னு வீட்ல ஒரே குழப்பமா இருக்கும். செப்டம்பர் நடுவுல மாசம் பொறக்குது. ஆகஸ்ட் கடைசிக்குள்ள மெனுவை எழுதி எடுத்துட்டு வாங்க, பருப்பு வடை, சோயா கறி, பலாக்கா பிரியாணின்னு ஒரே பக்கத்துல பெரிய எழுத்துல அடிச்சுத் தரேன், மாசம் பொறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தெருவுல இருக்கணும், இதுக்கு மட்டும் அந்த 25-ஆம் தேதி கணக்கு பாக்காதீங்க.