பில் புத்தகத்தில் பதினொரு பேர்

பெரியமேட்டில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. நேரு ஸ்டேடியத்தில் கோல் விழுந்தால் தொலைக்காட்சிக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒளிபரப்பு சில நொடிகள் பின்தங்கித்தான் வரும். சத்தம் சைடன்ஹாம்ஸ் சாலையைத் தாண்டி நேராக மண்டிக்குள் வந்துவிடும். ஆரவாரத்தின் நீளத்தை வைத்தே கோல் நமக்கா எதிரணிக்கா என்று சொல்லிவிடலாம். எதிரணிக்கு என்றால் சத்தமே இருக்காது. யாரோ ஒருவர் மட்டும் பாதியில் நிறுத்திய தும்மல் மாதிரி கத்துவார்.

நான் இங்கே ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதுகிறேன். போன சனிக்கிழமை மாலை நல்ல மழை. முதலாளி ஆம்பூர் போயிருந்தார். வியாபாரம் இல்லை. அறுந்துபோன பையைத் தைத்து வாங்கிப்போக வந்த அக்கா மகன் மழைக்கு ஒதுங்கினான். தரம் பிரிக்கும் பாய் டீ சொல்லியிருந்தார். டீ வருவதற்குள் பையன் ஒரு வார்த்தையை விட்டான்.

"நம் கிளப்பின் ஆகப்பெரிய ஆட்டக்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோதான் மாமா. இதில் பேச என்ன இருக்கிறது?"

பேச நிறைய இருந்தது. ஒன்பது மணிக்குத்தான் ஷட்டரை இறக்கினோம்.

சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தோடு 2014-இல் பிறந்த கிளப். நூறு வருடக் கிளப்புகளின் ரசிகர்களுக்கு இந்தச் சண்டையில் தாத்தாக்கள் துணைக்கு வருவார்கள். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. எல்லா ஆட்டக்காரர்களையும் எங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். அதனால் சண்டை சுலபமாக இருக்கும் என்று நினைத்தால் அதுதான் தவறு. எல்லோரும் நேரில் கண்ட சாட்சிகள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்ப வேண்டிய கட்டாயமே இல்லை.

ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது, முதலில் பதினொரு பேரை எழுதுவோம் என்றேன். கைக்குக் கிடைத்தது பில் புத்தகம். உடனே விதிமுறைத் தகராறு. 2014-இல் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். 2017-18இல் அது ஐந்தானது, பிறகு நான்கு. எந்த ஆண்டின் கணக்குப்படி அணியை எழுதுவது? ஆறு பேர் என்றால் எலானோ, மெண்டோசா, மெயில்சன், ரஃபேல் அகுஸ்டோ, கால்டெரோன், கிரிவெல்லாரோ எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். நான்கு என்றால் வீட்டுக்குள் ரத்தக்களரி. பையன் நான்குதான் என்று பிடிவாதம் பிடித்தான். பாய் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்: "இரண்டு மழைக்காலமாவது இந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். வந்து ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனவன் விருந்தாளி, தம்பி. விருந்தாளிக்குச் சாப்பாடு போடலாம், பட்டா எழுதிக் கொடுக்க முடியாது."

அந்த ஒரே விதியில் அலெசாண்ட்ரோ நெஸ்டா போய்விட்டார். இத்தாலியோடு உலகக் கோப்பை வென்ற மனிதர். இங்கே ஆடியது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். மடெராஸியைப் பயிற்சியாளர் கணக்கில் சேர்த்து வெளியே நிறுத்தினோம். நான்கு பேர் கணக்கில் இனிகோ கால்டெரோனுக்கு இடமில்லை என்றபோது எனக்கு மனது கேட்கவில்லை. ஆனால் பாய் தோலைத் தடவிப் பார்த்து "இரண்டாம் தரம்" என்றால் அது இரண்டாம் தரம்தான். முதலாளியே மறுத்துப் பேச மாட்டார்.

பையனுக்கு இருபது வயது. அவன் மைதானத்துக்கு வரத் தொடங்கியது 2019-இல். முந்தைய பருவத்தில்தான் நம் அணி ஒன்பதே புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்திருந்தது. புதுப்பருவமும் மோசமாகவே தொடங்கியது. பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகி, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதன் பிறகு நடந்ததை நானும் மறுக்கவில்லை. கிரிவெல்லாரோ இடது காலால் பந்தைத் தொட்டால் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல நிற்பார்கள். அவர் கொடுத்த பந்துகளைத் தின்று வளர்ந்தவர் நெரியஸ் வால்ஸ்கிஸ். 15 கோல் போட்டு அந்த ஆண்டின் தங்கக் காலணியை வாங்கினார். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று தாண்டினோம். இறுதியாட்டம் 2020 மார்ச் 14. கொரோனாவால் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லை. கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம்.

அடுத்த இரண்டு பருவங்களும் மொத்தமாகக் கோவாவிலேயே நடந்தன. பெரியமேட்டில் மறுபடி சத்தம் கேட்டது 2022 அக்டோபரில்தான். பதினான்கு வயதில் ஒரு ஆட்டக்காரரைப் பிடித்துப்போய், உடனே கதவைச் சாத்திவிட்டால் அந்த வயதில் என்ன ஆகும்? அவன் கிரிவெல்லாரோவைப் பற்றிப் பேசும்போது நான் அதிகம் குறுக்கிடுவதில்லை. காயம், விலகல், ஜாம்ஷெட்பூர், பிறகு கோய்லோடு மீண்டும் சென்னை என்று அவர் 2023-இல் திரும்பி வந்தபோது பையன் செமஸ்டர் பரீட்சையையும் பொருட்படுத்தாமல் கேலரியில் இருந்தான். இது அக்காவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிடும்.

என் வாக்கு வேறு. அதற்கு முன் மெண்டோசாவைச் சொல்லியாக வேண்டும். அவரைச் சொல்லாமல் 2015-ஐச் சொல்ல முடியாது.

அந்த டிசம்பரின் வெள்ளத்தில் எங்கள் மண்டியின் கீழ்த்தளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நனைந்த தோலின் வாடையை விவரிக்க மாட்டேன்; அது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நம் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தை இங்கே நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். ஊரே இல்லாத ஊர் அணியாக ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, இறுதியாட்டம். நாங்கள் நான்கு பேர் மாடியில் தோல்களை விரித்துக் காயப்போட்டுவிட்டு, கை கழுவக்கூட நேரமில்லாமல் சின்னத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தோம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. பாய் எழுந்து படியிறங்கிவிட்டார். 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல் கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு பந்து உள்ளே போனது. சேம் சைடு கோல். நான் மாடியிலிருந்து "பாய்!" என்று கத்தியதில் தெருவில் நான்கு பாய்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் பாய் படியேறி முடிப்பதற்குள், நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில், மெண்டோசா. 3-2. பருவத்தின் 13-ஆவது கோல் அது. தங்கக் காலணியும் அவருக்கே.

பாய் அந்தக் கோலை நேரலையில் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்கு நான்தான் காரணம் என்கிறார். இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கத்தியிருக்கலாமாம்.

மெண்டோசாவின் வேகத்தில் ஒரு திருட்டுத்தனம் இருக்கும். சந்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவனின் வேகம். ஆனால் அவர் அடுத்த ஆண்டே நியூயார்க் போய்விட்டார். மழைக்கணக்கில் தேறிவிட்டார் என்பதால் பட்டியலில் இருக்கிறார். அதற்கு மேல் தர எனக்கு மனமில்லை.

ஜெஜே லால்பெக்லுவா பற்றி மூவருக்கும் ஒரே கருத்து. சென்னைக்காக இந்த லீக்கில் 23 கோல். 2014 அரையிறுதி நினைவிருக்கிறதா? கொச்சியில் கேரளாவிடம் 3-0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தோம். இங்கே சில்வெஸ்ட்ர் ஒன்று போட்டார், ஜிங்கன் சேம் சைடில் ஒன்று. 90-ஆவது நிமிடத்தில் ஜெஜே மூன்றாவதைப் போட்டு கணக்கைச் சமன் செய்தபோது, என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டார். பிறகு 117-ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீஃபன் பியர்சன். அந்தப் பெரியவர் பொத்தானை என் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் போனார். ஜெஜே இப்போது மிசோரம் சட்டமன்ற உறுப்பினர். தொகுதிக்காரர்கள் புகார் சொன்னால் நான் நம்பப் போவதில்லை.

நான் சொன்ன பெயர் மெயில்சன் ஆல்வெஸ்.

பையன் சிரித்தான். கோலைத் தடுக்க நிற்கும் ஸ்டாப்பரைப் போய் யாராவது ஆகப்பெரியவர் என்பார்களா என்றான். கோல் போட்டால்தான் கண்ணில் படுவார்கள் இந்த வயதில்.

2018 மார்ச் 17 அன்று காலை ரயிலில் பெங்களூரு போனேன். வீட்டில் உறவினர் திருமணம் என்று சொல்லியிருந்தேன். மெய்யாகவே அதே நாளில் ஒரு உறவினர் திருமணம் இருந்தது, வேலூரில். லீக் முடிவில் பெங்களூரு எங்களைவிட 8 புள்ளிகள் மேலே. இறுதியாட்டம் அவர்கள் ஊரில், கண்டீரவா மைதானத்தில். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோல். சுற்றிலும் எழுந்த சத்தத்தில், கல்யாணத்துக்கே போயிருக்கலாம் என்று தோன்றியது. 17-ஆவது நிமிடத்தில் கிரெகரி நெல்சன் அடித்த கார்னர். கூட்டத்துக்கு நடுவே ஒரு தலை மட்டும் மேலே வந்தது. மெயில்சன். இடைவேளைக்குச் சற்று முன், 45-இல், மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி அதே தலை. ஒரே கதவில் இரண்டு முறை திருடன் நுழைந்தால் அதைத் திருட்டு என்பதா, உரிமை என்பதா? 67-இல் ரஃபேல் அகுஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து மூன்றாவது. பெங்களூருவின் மிகு கடைசியில் ஒன்றைத் திருப்பினார். 3-2, கோப்பை நமக்கு.

ஆனால் கோல்களுக்காக மட்டும் மெயில்சனைச் சொல்லவில்லை. இரண்டு கோப்பைகளிலும் இருந்தவர். அந்தக் கேவலமான ஒன்பது புள்ளிப் பருவத்திலும் இருந்தார். கேலரி பாதி காலியாகிவிட்ட ஆட்டங்களில், ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள ஓடுதளம் இன்னும் அகலமாகத் தெரியும் இரவுகளில், அவர் பந்தைத் தலையால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பந்து திரும்பி வரும். மறுபடி தள்ளுவார். நானும் வருடக்கடைசிக் கணக்கை அப்படித்தான் முடிக்கிறேன்.

"சரி, பாய், நீங்கள்?" என்று பையன் கேட்டான்.

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சபீர் பாஷா."

"பாய், அவர் சென்னையின் அணிக்கு ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்."

"நான் அவர் இந்தியன் வங்கிக்கு ஆடியதைப் பார்த்தவன். கிளப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டக்காரனை நான் மாற்ற முடியாது."

இதற்குப் பதில் சொல்ல எங்களிடம் விதி இல்லை. அந்தப் பெயரே பாய்க்கு ஆரம்பத்திலிருந்து உறுத்தல். "சென்னையின்" என்று ஆறாம் வேற்றுமையில் நிறுத்திவிட்டால் எப்படி, சென்னையின் எது, சென்னையின் யார் என்று கேட்பார். அதனால் பதினொருவரில் ஒருவனாவது ஊர்ப்பிள்ளை என்று அடம்பிடித்தார். அதில் தகராறே இல்லை: வியாசர்பாடியின் தனபால் கணேஷ். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜெஜே 26-இல் போட, 29-இல் கணேஷ் போட்டார். அன்று நான் வருடக்கடைசி வேலையில் மண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். சுவர் வழியாக வந்த மூன்று ஆரவாரங்களில் இரண்டாவது வேறு மாதிரி இருந்தது. சொந்தக்காரன் ஜெயித்தால் வரும் சத்தம். பிறகு முழங்கால் காயம் அவருடைய ஒரு பருவத்தையே விழுங்கியது. அதைப் பற்றி பாய் பேச விடமாட்டார்.

கடைசியில் எழுதியது இதுதான்: கரண்ஜித், எட்வின், மெயில்சன், மெஹ்ராஜுதீன் வாடூ, ஜெர்ரி, கணேஷ், தாபா, ரஃபேல் அகுஸ்டோ, கிரிவெல்லாரோ, ஜெஜே, மெண்டோசா. வாடூவைத் தடுப்பின் நடுவில் போட்டது வெளிநாட்டவர் கணக்கில் அகுஸ்டோவுக்கு இடம் பிடிக்கத்தான், மறைக்கவில்லை. எட்வின் நெய்வேலிக்காரர் என்பதால் பாய்க்கு அரை திருப்தி. அனிருத் தாபாவுக்கு விவாதமே இல்லை. பதினெட்டு வயதில் வந்து ஏழு ஆண்டு இருந்துவிட்டு மோகன் பகான் போனார். எலானோ 2014-இல் 8 கோலோடு தங்கக் காலணி வாங்கியவர், இரண்டு மழையும் பார்த்தவர். ஆனால் கிரிவெல்லாரோவா அவரா என்ற வாக்கெடுப்பில் ஒன்றுக்கு இரண்டு என்று வெளியேறினார். எதிர்த்த அந்த ஒரு வாக்கு யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

பையன் மேல் தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டான். அடியில் கார்பன் பிரதி இருப்பது திங்கட்கிழமை முதலாளி புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. வரிசை எண் போட்ட பில் புத்தகம். தாளைக் கிழித்து எறிய முடியாது. பொருள் விவரம் என்ற இடத்தில் பதினொரு பெயர். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. குறுக்கே கோடு போட்டு "ரத்து" என்று எழுதிக் கையெழுத்திட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் ஸ்டேடியம் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

மாலையில் கணக்கை ஏற்ற அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில், சின்னதாக: "எலானோ எங்கே?"