மன்னார்குடிச் சித்தியும் மொட்டைமாடி ஒழுகலும்

போன ஆவணியில் எங்கள் ஹால் கூரையில் ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. முதலில் இலங்கை மாதிரி இருந்தது. ரெண்டு மழைக்குப் பிறகு ஆஸ்திரேலியா ஆகிவிட்டது. தாம்பரம் பக்கம் இருபது வருஷத்து வீடு, மொட்டைமாடியில் சுர்க்கி (செங்கல், சுண்ணாம்புக் கலவை) போட்டுத் தட்டோடு பதித்த தளம். ஐப்பசி அடைமழைக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று ஆள் தேடினேன்.

முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு மேஸ்திரி. சாயம் போன லுங்கி, காதில் செருகிய பென்சில். கைப்பிடிச் சுவர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, சுவரும் தளமும் சேரும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "மழை பெஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு ஈரம் தெரியுது? காத்தடிச்சுப் பெய்யும்போது மட்டுமா, எப்பவுமா?" என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில், "ஒரு நாள் தண்ணி கட்டி நிறுத்திப் பாத்தாத்தான் சார் சொல்ல முடியும். சின்ன வேலையா இருந்தா 12,000 ஆகும்" என்றார்.

பார்த்தால்தான் தெரியுமாம்! தொழில் தெரிந்தவருக்கு இவ்வளவு கேள்வி எதற்கு என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு அவரை அடித்துவிட்டேன்.

மறுநாள் இன்னொருவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஷூ, கையில் டேப்லெட். ஒரு சின்னக் கருவியை நீட்டினார். சிவப்புப் புள்ளி எதிர்ச்சுவரில் போய் விழுந்தது, அளவு திரையில் வந்துவிட்டது. மேஸ்திரி நாலு நிமிஷம் டேப் பிடித்ததை இவர் நாலு நொடியில் முடித்தார். (ஹாலின் நீளத்துக்கும் ஒழுகலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.)

"சார் எந்த ஊரு?"

"மன்னார்குடி."

"அட, எங்க சித்தி வீடு அங்கதான் சார்!"

அவ்வளவுதான். என் மனைவி காபி கொண்டுவருவதற்குள் நான் பாதி சரிந்துவிட்டேன். மீதியை விலை பார்த்துக்கொண்டது. 900 சதுர அடி, அடிக்கு 90 ரூபாய், மொத்தம் 81,000 என்றார். நான் அதிர்ந்ததும் டேப்லெட்டைத் தட்டி, "நம்ம ஊர்க்காரர், 65 போட்டுக்கறேன்" என்றார். 58,500. இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் நான் ரெண்டாவது காபி சொன்னேன். 12,000 என்ற எண் அதற்குள் எனக்கு மறந்தே போயிருந்தது.

"என்னங்க, இவர் மாடிக்கே போகலையே?" என்று உள்ளே போய் மனைவி கேட்டாள்.

"அனுபவசாலிடி. பாத்தாலே தெரிஞ்சிடும்."

"எதைப் பாத்து?"

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாற்பதாயிரம் முன்பணம். ரெண்டு பையன்கள் வந்து தளம் முழுக்க வெள்ளையாக ஏதோ பூசினார்கள். பத்து வருஷ உத்தரவாதம் என்று லேமினேஷன் செய்த அட்டை ஒன்றும் கைக்கு வந்தது. ரெண்டாம் நாள் பார்த்தால், மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிக் கலவையைக் குவித்து வைத்திருந்தார்கள். மனைவி காட்டினாள்தான். நாற்பதாயிரம் கொடுத்தாயிற்று, இப்போது நிறுத்தினால் அதுவும் போகும் என்று மீதிப் பணத்தையும் கொடுத்தேன்.

ஐப்பசி ரெண்டாவது வாரம் மழை பிடித்தது. ஆஸ்திரேலியா இருந்த இடத்தில் ஆசியாக் கண்டம் வந்தது. ஹாலில் ரெண்டு வாளி, ஒரு இட்லிப் பாத்திரம். அலமாரிமேல் வைத்திருந்த உத்தரவாத அட்டையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே தண்ணீர் இறங்காத ஒரே பொருள் அதுதான். டேப்லெட்காரர் போன் எடுக்கவில்லை. எதிர்வீட்டுத் தூத்துக்குடிக்காரரிடம் புலம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் வீட்டுக்கும் அதே ஆள் வந்திருக்கிறார். சித்தி அப்போது தூத்துக்குடியில் இருந்தாராம்.

மனோதத்துவம் படிக்கும் மகள் போனில் ஒரு மணி நேரம் சிரித்தாள். ஒரு குணம் நன்றாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் என்று மனசு தானாக முடிவு கட்டுவதை 1920-லேயே தார்ன்டைக் என்பவர் ராணுவ அதிகாரிகளை வைத்துக் காட்டிவிட்டாராம். உடற்கட்டும் தோற்றமும் நன்றாக இருந்தவனுக்கு அறிவுக்கும் சேர்த்தே மதிப்பெண் போட்டார்களாம் அதிகாரிகள். விலை விஷயம் இன்னும் மோசம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற ரெண்டு பேர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்களாம். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்கள் சுமார் 25 என்றார்கள், 65-ல் நின்றதைப் பார்த்தவர்கள் 45. "அவங்களுக்குச் சக்கரம், உனக்கு 81,000 அப்பா" என்றாள். படிக்க வைத்தது நான்தான்.

மழை விட்டதும் மேஸ்திரியைத் தேடிப் போனேன். மனுஷன் குத்திக் காட்டவில்லை. குழாய் வாயைக் கோணியால் அடைத்துத் தண்ணீர் கட்டி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பீடி பிடித்தார். மறுநாள் காலையில் சுவரடியில் தலைமுடி அளவு விரிசலைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். அங்கேதான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குழாயைச் சுற்றிக் குவித்த கலவையால் தண்ணீர் வடியாமல் அந்த விரிசலைத் தேடிப் போய் நின்றிருக்கிறது. கலவையைக் கொத்தி, விரிசலை வெட்டி அடைத்து, ஓரத்தை உருட்டிப் பூசினார். 14,000 வாங்கினார். கண்டம் காய்ந்துவிட்டது.

போன மாதம் குளியலறைக் குழாய் வேலைக்கு ஒருவரைப் பிடித்தேன். இந்த முறை உஷார். சட்டை இஸ்திரி போட்டு வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். அடுத்தவர் மடித்துக் கட்டிய லுங்கியில் வந்தார், பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மூன்று நாளாக எங்கள் வீட்டு ஃப்ளஷ் தொட்டியில் வெந்நீர் வருகிறது.

"அவர்கிட்ட ஏதாவது கேட்டீங்களா, இல்லையா?" என்றாள் மனைவி.

"இல்ல... காதுல பென்சில் இருந்துச்சு."