பட்டம் வாங்கிய வருடம் மகள் யார் கணக்கில்?

2020-இல் கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் தனி அவஸ்தை. அந்த மார்ச் 27-ஆம் தேதி கையெழுத்தான கொரோனா நிவாரணச் சட்டம் பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,200 டாலர் கொடுத்தது. பதினேழு வயது ஆகாத குழந்தைக்குப் பெற்றோர் கையில் 500 டாலர். பதினேழைத் தாண்டியும் பெற்றோரின் டாக்ஸ் ரிட்டர்னில் டிபென்டன்டாக, அதாவது அவர்களைச் சார்ந்தவராக, இருக்கும் பிள்ளைக்கு? பிள்ளைக்கும் கிடையாது, பெற்றோருக்கும் கிடையாது. டிசம்பர் கடைசியில் அறிவித்த 600 டாலர் தவணையிலும் அதே கதைதான். எங்கள் வீட்டில் வரிக்கணக்கு பார்ப்பது நான் என்பதால் மகளின் கோபமும் என்மேல்தான் விழுந்தது. “நானும் வேலைக்குப் போறேனே அம்மா, என்னை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். இருந்தது. அந்தத் தவணைகள் பழைய ரிட்டர்னை வைத்துக் கொடுத்த முன்பணம்தான். உண்மையான தகுதியை 2020-ஆம் வருட நிலவரம்தான் தீர்மானிக்கும். அந்த வருடம் அவள் யாருக்கும் டிபென்டன்ட் இல்லை என்றால், அவளே ஃபார்ம் 1040 என்னும் வரிப் படிவத்தைப் போட்டு, லைன் 30-இல் ரிகவரி ரிபேட் கிரெடிட் (வராமல் போன நிவாரணத்தைக் கேட்கும் இடம்) என்று 1,800 டாலரையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் ‘இல்லை’ என்று நாமாக முடிவு கட்ட முடியாது. அவளுடைய தோழி ஒருத்தி, “எங்க வீட்ல இந்த வருஷம் என்னைக் காட்டலை, நானே போட்டுக்கிறேன்” என்றாளாம். பெற்றோர் காட்டாமல் விட்டால் மட்டும் போதாது. காட்டுவதற்கு விதி இடம் கொடுத்தாலே பிள்ளைக்குப் பணம் கிடையாது. நிறையத் தமிழ் வீடுகளில் இதைப் பாகப்பிரிவினை மாதிரி உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயமாகவே நினைக்கிறார்கள்.

சரி, விதி என்ன சொல்கிறது? எங்கள் மகளுக்கு அந்த வருடம் 22 வயது முடிந்தது. 24 வயது ஆகாத முழுநேர மாணவி என்றால் டிபென்டன்டாகக் காட்டலாம். மே மாதமே படிப்பு முடிந்துவிட்டதே என்றால், வருடத்தில் ஏதாவது ஐந்து மாதம், அதிலும் அந்த மாதத்தில் சில நாள் படித்திருந்தாலே மாணவிதான். ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் கச்சிதமாக வந்துவிடுகிறது. பாதி வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்திருக்க வேண்டும் என்பது அடுத்தது. ஹாஸ்டலில் இருந்த காலமும் எங்கள் வீட்டில் இருந்ததாகவே கணக்கு. மார்ச்சில் ஹாஸ்டலை மூடியதும் எடிசனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆகஸ்டில்தான் வேலைக்காக ஆஸ்டின் போனாள். ஆக அதிலும் எங்கள் பக்கம்தான்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: அந்த வருடம் அவளுக்கு ஆன மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அவளே போட்டாளா?

இதற்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் பப்ளிகேஷன் 501-இல் ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. நானும் அவளும் வீடியோ காலில் பேசிக்கொண்டே அதை ஒரு கூகுள் ஷீட்டில் நிரப்பினோம். என் பக்கம்: கடைசி செமஸ்டர் ஃபீஸில் நாங்கள் கட்டிய மீதி 2,400 டாலர். மார்ச் வரை ஹாஸ்டலும் சாப்பாடும் 2,900. பிறகு நாலரை மாதம் எங்கள் வீட்டு மாடி அறை. சொந்த வீட்டு அறைக்கு என்ன செலவு என்று விட்டுவிடக்கூடாது, வெளியே விட்டால் என்ன வாடகை வருமோ அதைப் போட வேண்டும். அக்கம்பக்கத்து விளம்பரங்களைப் பார்த்து மாதம் 600 என்று வைத்தேன், 2,700 ஆயிற்று. அந்த மாதங்களின் சாப்பாடு 1,100, இன்ஷூரன்ஸும் ஃபோனும் 900. எல்லாம் சேர்த்து 10,000.

அவள் பக்கத்தில் முதலில் சம்பளம் 27,000 என்று எழுதினாள். அது செல்லாது. வங்கியில் கிடக்கும் பணம் கணக்கில் வராது, அவளுக்காகச் செலவானதுதான் வரும். வென்மோ என்னும் பணம் அனுப்பும் ஆப்பில் ரூம்மேட்டுக்கு அனுப்பிய வாடகையை மாதம் மாதமாக எடுத்துக் கூட்டினாள்: 5,750. சாப்பாடு 1,700. இரண்டும் சேர்த்து 7,450, என்னுடைய பத்தாயிரத்துக்குக் கீழே. “போச்சு” என்றாள்.

அப்புறம்தான் கல்விக் கடன் ஞாபகம் வந்தது. அந்த செமஸ்டருக்கு அவள் பெயரில் எடுத்த கடன் 3,750. திருப்பிக் கட்டும் பொறுப்பு அவளுடையது என்பதால் அது அவளே போட்ட பணம். 11,200 ஆகிவிட்டது. ஆஸ்டின் போனதும் சொந்தக் காசில் வாங்கிய பழைய ஹோண்டாவும் சேரும், 6,800. மொத்தம் 18,000. ஸ்காலர்ஷிப்பை எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை, பெற்ற பிள்ளையான மாணவிக்கு அது கணக்கில் வராது. கடன் என்னும் அந்த ஒரு தொகை இல்லையென்றால் காரை நம்பித்தான் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவருக்கு இது பிடிக்கவில்லை. “ஸ்டூடன்ட்னா 24 வரைக்கும் போடலாம் மேடம், 500 டாலரை எதுக்கு விடுறீங்க?” வயதைத் தாண்டி அவர் எதையும் கேட்கவே இல்லை. வளர்ந்த டிபென்டன்டுக்காகப் பெற்றோர் வரியில் கழியும் அந்த 500 மட்டும்தான் எங்களுக்கு நஷ்டம். கல்லூரிச் செலவுக்கான பெரிய வரிச்சலுகையை நாலு வருடத்துக்குத்தான் எடுக்கலாம், 2016 முதல் 2019 வரை எடுத்து முடித்தாகிவிட்டது. அந்தச் சலுகை இன்னும் பாக்கி இருக்கும் வீட்டில் தொகை வேறு மாதிரி வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஷீட்டை அனுப்பிய பிறகு மறுபேச்சு இல்லாமல் அவள் பெயரை எடுத்தார். பெற்றோர் ரிட்டர்னில் பெயர் முந்திக்கொண்டு போய்விட்டால் அப்போது பிள்ளையின் இ-ஃபைல் திரும்பி வந்துவிடும், பிறகு காகிதத்தில் அச்சடித்துத் தபாலில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் எங்களுடையது சரியாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டே அவளைப் போடச் சொன்னேன்.

ரீஃபண்டோடு 1,800-உம் வந்தது. 2021 மார்ச் 11-இல் வந்த மூன்றாவது சட்டம் வளர்ந்த டிபென்டன்டுக்கும் 1,400 டாலர் கொடுத்தது என்றாலும், அது பெற்றோர் கைக்குத்தான் போகும். தம்பதி வருமானம் 1,60,000-ஐத் தொட்டால் ஒரு பைசா கிடையாது. நாங்கள் அதைத் தாண்டியவர்கள். அவள் தனி ஆளாகப் போட்டிருந்ததால் அந்த 1,400 நேராக அவள் வங்கிக் கணக்கில் விழுந்தது.

இங்கே எஃப்-1 விசாவில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கதை வேறு. பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடம் அவர்கள் வரிக்கு வெளிநாட்டவர், இந்தப் பணத்துக்குத் தகுதியே கிடையாது. தப்பான ஃபார்ம் போட்டதால் செக் வந்து, பிறகு திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

2020 நிவாரணத்தைக் கேட்கும் கெடு 2024 மே 17-ஓடு முடிந்துவிட்டது. பாதிச் செலவுக் கணக்கு மட்டும் ஒவ்வொரு மே மாதமும் பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னால் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, வரியில் பெயரை எடுத்தால் நம் ஹெல்த் இன்ஷூரன்ஸிலிருந்தும் போய்விடுமா என்றுதான். போகாது. அது 26 வயது வரை, டிபென்டன்டாகக் காட்டினாலும் காட்டாவிட்டாலும்.