1959 மொறிஸ் மைனர் பிக்கப்: ஒயில் தேடிய நான்கு மாதம்

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப் 1959ஆம் ஆண்டு வண்டி. 948 சிசி எஞ்சின். நீர்வேலியில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றியே வயதானது. அவர் காலமான பிறகு பெரியம்மா அதை விற்க மனமில்லாமல் கொட்டிலுக்குள் விட்டு வைத்திருந்தார். போன வருடக் கடைசியில் "நீ எண்டா ஓட வைப்பாய்" என்று திறப்பை என் கையில் தந்தார். பிரேக், வயரிங், ரயர் எல்லாம் பார்த்து முடிய 2025 பங்குனி ஆகிவிட்டது. வண்டி ஓடத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. இதற்கு எந்த ஒயில் விடுவது?

கேட்ட இடத்தில் எல்லாம் வேறு வேறு பதில். கோண்டாவிலில் கராஜ் வைத்திருக்கிற அண்ணை, "தம்பி, பழைய எஞ்சின். தடிச்ச ஒயிலா விடுங்கோ, சத்தமும் குறையும் புகையும் குறையும்" என்றார். லொறி வைத்திருக்கும் மச்சான் டீசல் ஒயில்தான் நல்லது என்றான். கொழும்பில் இருக்கும் நண்பன் முழுச் சிந்தெற்றிக் வாங்கச் சொன்னான். மூவருமே வண்டிகளோடு பழகியவர்கள். ஆனால் இந்த எஞ்சினின் உள்ளே என்ன நிலைமை என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் ஒயில் வாங்குவதற்கு முன் ஒயில் பிறஷர் மீற்றர் ஒன்று வாங்கினேன். மைனரின் டாஷ் போட்டில் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான் உண்டு. அது எரியும்போது பிறஷர் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். ரீ வடிவ இணைப்பு ஒன்று போட்டு, விளக்கையும் வைத்துக்கொண்டு மீற்றரையும் பூட்டினேன்.

சித்திரை 6. முதல் அளவு. உள்ளே எப்போது விட்டது என்றே தெரியாத கறுத்த ஒயில். பருத்தித்துறை வரை ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) 8 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 8 இறாத்தல் அழுத்தம். மணிக்கு 40 மைல் வேகத்தில் 35. இந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்வது ஓட்டத்தில் 60, ஐடிலில் 15. மனம் கொஞ்சம் சோர்ந்துதான் போனது.

டிப் ஸ்ரிக்கை இழுத்து மணந்து பார்த்தேன், பெற்றோல் மணம். காபரேற்றரின் சோக் கம்பி முழுதாகத் திரும்பாமல் நின்றிருந்தது. தேவைக்கு மேல் போன பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்புக்குள் இறங்கியிருக்கிறது. இது எனக்குப் புதிய விஷயம் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காது. மைனரும் ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டியும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் சேமித்து வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்ராட் ஆக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கம்பிறஷன் குறைந்த அந்தக் கால எஞ்சின்கள்தான் அதைத் தாங்கின. பெரியப்பா அப்போது, "எங்கட எஞ்சின் ஒயிலே குடிக்காது, மட்டம் ஏறுதே தவிர இறங்கேல்லை" என்று பெருமையாகச் சொல்வார். சிறுவனாக நானும் அதை அதிசயமாகவே எடுத்துக்கொண்டேன். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டி ஒயிலோடு கலந்ததால்தான் மட்டம் ஏறியது என்பது இப்போதுதான் விளங்குகிறது. அந்தத் தண்ணியான ஒயிலிலும் அவர் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்ரன் போட்டதாகப் பெரியம்மா சொன்னார். ஆனால் வால்வுகளைத் திறக்கும் தண்டான காம் ஷாஃப்டை மாற்றினார்களா என்பது அவருக்கு நினைவில்லை.

அதனால் சோக்கைச் சரி செய்துவிட்டு, வால்வ் கவரைக் கழற்றினேன். இடைவெளி 12 தௌ, அதாவது 0.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். சரிப்படுத்திய பின் டயல் மீற்றர் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தேன். ஏழு வால்வுகள் ஏறக்குறைய ஒரே அளவு. ஐந்தாவது, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வ், மற்றவற்றைவிட 0.4 மில்லிமீற்றர் குறைவு. காமின் அந்த முனை தேய்ந்திருக்கிறது. இந்த ஒரு அளவுதான் பின்னால் என் ஒயில் தெரிவையே தீர்மானித்தது.

காரணம் இதுதான். இந்த எஞ்சினில் காமின் முனை, வால்வைத் தள்ளும் தப்பெற்றின் தட்டையான அடியில் நேராக உரசிக்கொண்டு ஓடுகிறது. புதிய எஞ்சின்களில் பெரும்பாலும் இருக்கும் உருளும் சில்லு இதில் கிடையாது. அந்தச் சிறிய தொடுபுள்ளியில் அழுத்தம் மிகக் கூட. அங்கே ஒயில் படலம் கிழிந்துபோகும் நேரத்தில் இரும்பைக் காப்பது ஒயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பொஸ்பரஸ் சேர்மானம். அது சூட்டிலும் அழுத்தத்திலும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் போலப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தான் தேய்கிறது. ஆனால் பொஸ்பரஸ் புதிய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைக் கெடுக்கும். அதனால் தரங்கள் மாற மாற அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் (ஏபிஐ) 2004இல் கொண்டுவந்த எஸ்எம் தரத்தில் பொஸ்பரஸுக்கு உச்ச அளவு 0.08 வீதம்.

"புதிய ஒயில் எல்லாம் பழைய எஞ்சினைத் தின்றுவிடும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. நானும் முதலில் பயந்தேன். ஆனால் அந்த உச்ச வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளுக்கே பொருந்தும் (முதல் எண் குளிரிலும் இரண்டாவது எண் சூட்டிலும் ஒயில் எவ்வளவு தடிப்பு என்பதைக் காட்டும்). 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு இல்லை. ஆகவே ரின்னின் முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்தைப் பார்த்துப் பயப்படாமல், அந்த ஒயிலின் தரவுத்தாளைத் தேடி எடுத்துத் துத்தநாகம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரி.

சித்திரை 20. புத்தாண்டு கழிந்து சம்பைக் கழற்றினோம். அடியில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சேறு, நன்றாகக் கறுத்த உழுத்தங்களி போல. ஒயில் உறிஞ்சும் வலையின் பாதி அடைத்திருந்தது. 8 பிஎஸ்ஐக்கு ஒரு பங்கு காரணம் இதுவாகவும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் நேரே புதிய ஒயிலை விட்டிருந்தால், அதில் உள்ள கழுவும் சேர்மானம் இந்தச் சேற்றைக் கரைத்து, மிச்ச வலையையும் அடைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கோர்க் காஸ்கற் போட்டுப் பூட்டினோம்.

ஃபில்டரில் ஒரு சின்ன விஷயம், மைனர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. கிண்ணம் பூட்டுகிற பள்ளத்துக்குள் பழைய ரப்பர் வளையம் கல்லாக இறுகி, இரும்பின் நிறத்திலேயே கிடக்கும். அதைக் காணாமல் மேலே புதியதைப் போட்டால் ஒயில் பீறிட்டு வெளியே வரும். நான் ஊசியால் குத்திப் பார்த்தபோது உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். இரண்டையும் கிளறி எடுக்க முக்கால் மணி நேரம்.

புது ஒயில் விட்டதும் ஸ்ராட் பண்ணக் கூடாது. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முன்னால் ஹாண்டில் போட்டுக் கையால் சுற்றினேன். ஃபில்டர் கிண்ணம் நிறைந்து, மீற்றர் முள் அசைந்த பிறகே பிளக்குகளைப் பூட்டினேன். ஹாண்டில் உள்ள வண்டியின் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

இனி ஒயில்கள். ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கிளிநொச்சி வரை ஏ9இல் ஒரு ஓட்டம், திரும்பி வந்து நின்ற உடனே ஐடில் அளவு. இரவில் கிளச் இருக்கும் கூட்டின் கீழே ஒரு கடதாசி மட்டை, காலையில் சொட்டு எண்ணுவது. இந்த எஞ்சினின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு வரிதான் சுழலும்போது ஒயிலை உள்ளே தள்ளிவிடும், நின்றால் சொட்டத்தான் செய்யும். அந்தச் சொட்டு வெளியே போகத்தான் கீழே ஓட்டை வைத்து, அது அடைபடாமல் ஒரு பிளவு ஊசியும் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

முதலில் மச்சானின் டீசல் ஒயில், 15டபிள்யூ-40, டீசல் எஞ்சின்களுக்கான சிஐ-4 தரம். துத்தநாகம் தாராளமாக உண்டு, கழுவும் சக்தியும் அதிகம். 300 கிலோமீற்றரிலேயே கறுத்துவிட்டது. அது எனக்கு நல்ல செய்திதான், மேலே மூலைகளில் மிஞ்சியிருந்த அழுக்கைக் கழுவியிருக்கிறது. ஆனால் சூட்டில் ஐடில் 11, ஓட்டத்தில் 42. காலையில் 14 சொட்டு.

இரண்டாவது, கோண்டாவில் அண்ணைக்காக எஸ்ஏஈ 40, குளிர் எண் இல்லாத தனித்தர ஒயில். காலையில் ஸ்ராட் பண்ணியதும் முள் 60ஐத் தாண்டிவிட்டது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மீற்றர் காட்டுவது ஒயில் போகும்போது படும் தடையை, எவ்வளவு ஒயில் போகிறது என்பதை இல்லை. அந்த அழுத்தத்தில் விடுவிப்பு வால்வ் திறந்து, பம்ப் தள்ளும் ஒயிலில் ஒரு பங்கு பெயறிங்குக்குப் போகாமலே சம்புக்குத் திரும்புகிறது. சூடானதும் ஐடில் 14, ஓட்டத்தில் 48, சொட்டு 9. 15டபிள்யூ-40க்கும் இதற்கும் 100 பாகையில் ஒரே 40 தரம்தானே, ஏன் வித்தியாசம் என்று குழம்பினேன். என் சம்பின் ஒயில் 100 பாகைக்குப் போகவே இல்லை, 85 அளவில்தான் நிற்கிறது. அந்த வெப்பத்தில் தனித்தர ஒயில் இன்னும் தடிப்பாக இருக்கும். அண்ணை சொன்னதில் உண்மை இருக்கிறது. அவர் கையில் கடந்துபோன வண்டிகள் எத்தனை!

மூன்றாவது 20டபிள்யூ-50, கனிம ஒயில், தரவுத்தாளில் துத்தநாகம் 0.12 வீதம். முன்னால் உள்ள 20டபிள்யூ குளிரைக் குறிப்பது. மார்கழியிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான எங்கள் ஊருக்கு அதைவிடக் குறைந்த எண் தேவையே இல்லை. பின்னால் உள்ள 50தான் வைகாசி வெயிலில் ஆனையிறவைத் தாண்டும்போது வேலை செய்கிறது. சூட்டில் ஐடில் 17, ஓட்டத்தில் 52. காலையில் ஸ்ராட் பண்ணியதும் முள் அமைதியாக ஏறி நிற்கிறது, தனித்தர ஒயிலில் பார்த்த பாய்ச்சல் இல்லை. சொட்டு 8.

நண்பனின் முழுச் சிந்தெற்றிக்கை நான் விட்டுப் பார்க்கவில்லை. நல்ல ஒயில் என்பதில் சந்தேகமில்லை. நீண்ட காலம் கெடாமல் இருப்பதுதான் அதன் பலம். ஆனால் பெற்றோலும் புகைக்கரியும் கலக்கும் காபரேற்றர் எஞ்சினில் ஒயிலை எப்படியும் 3,000 மைலில் கொட்டத்தான் வேண்டும். சொட்டாக மண்ணுக்குப் போவதற்கு அவ்வளவு காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனி 15. சொட்டைப் பற்றி ஒன்று. தப்பெற் மூடியில் இருந்து கீழே இறங்கும் மூச்சுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பாதி அடைப்பு. ரிங்குகளைத் தாண்டி வரும் காற்று போக வழியில்லாமல் ஒயிலைப் பின்பக்கத்தால் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்த மறுநாள் மட்டையில் 3 சொட்டு. ஒயில் மாற்றிக் கிடைத்த அளவுக்கு ஏறக்குறைய இதிலும் கிடைத்தது.

சம்பும் ஃபில்டரும் சேர்த்து 3.7 லீற்றர் பிடிக்கும். 4 லீற்றர் ரின் வாங்கினால் மிஞ்சுவதில் கொஞ்சம் எஸ்யூ காபரேற்றரின் மேல் குழாய்க்கு விட்டேன். மைனரின் கியர் பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான், 90 கியர் ஒயில் இல்லை. பெரும்பாலானோர் இதில்தான் பிழை விடுகிறார்கள். பின் அச்சுக்குப் போடும் கியர் ஒயிலின் கந்தகச் சேர்மானம் கியர் பொக்ஸுக்குள் இருக்கும் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக் கூடும். கியர் பொக்ஸிலும் அதே 20டபிள்யூ-50ஐ விட்டேன், 1.3 லீற்றர். இரண்டாம் கியர் போடும்போது வந்த உரசல் சத்தம் குறைந்திருக்கிறது.

ஆடி 20. 20டபிள்யூ-50 விட்டு 1,400 கிலோமீற்றர். ஐடில் 16, ஓட்டத்தில் 51. ஐந்தாவது வால்வின் இடைவெளியைத் திரும்ப அளந்தேன், 12 தௌ அப்படியே நிற்கிறது. திறப்பும் சித்திரையில் இருந்த அதே அளவு, தேய்வு கூடவில்லை. அடுத்த அளவு 3,000 மைலில், ஒயில் கொட்டும்போது. நேற்றுப் பெரியம்மாவை முன்னால் இருத்தி, பின்னால் ஆறு கதலிக்குலை ஏற்றி, சந்தைக்குப் போய் வந்தோம். அவர் மீற்றரைக் காட்டி, "இது முந்தி இருக்கேல்லையே" என்றார். அது என்ன காட்டுகிறது என்று சொன்னேன். திரும்பி வரும் வழி முழுக்க முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.