மைலோவும் அம்மாவின் செடிகளும்

ஜனவரி 31, 2025, வெள்ளி

சீனப் பெருநாளின் மூன்றாம் நாள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. பசியாற உட்கார்ந்த நேரத்தில் கூடத்திலிருந்து எங்கள் நாய் மைலோவின் முனகல். போய்ப் பார்த்தால் வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்குகிறது. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கை வைத்தான், குடிக்கவில்லை. டிவி மேசையோரம் அம்மா "புள்ளிச்செடி" என்று சொல்லும் டிஃபன்பாக்கியா, ஒரு தண்டு நடுவில் நசுங்கி, பல் பட்ட இடத்தில் சாறு கசிந்து நின்றது.

வழக்கமாகப் போகும் கிளினிக் பெருநாளுக்குப் பூட்டு. இரவு பகலாகத் திறந்திருக்கும் இன்னொன்றைத் தேடிப் பிடித்தேன். போன் எடுத்த பெண் கடகடவென்று சொன்னார்: ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள், தண்ணீர் விட்டு அலசுங்கள், வாந்தி மட்டும் எடுக்க வைக்காதீர்கள், செடியில் ஓர் இலையைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். திரும்பினால் அம்மா ஒரு தம்ளர் உப்புத் தண்ணீரோடு நிற்கிறார். நல்லவேளை, தடுத்துவிட்டேன்.

டாக்டர் இளம் தமிழ்ப் பெண். இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்குமாம். கடித்ததும் அவை நாக்கிலும் ஈறிலும் குத்தி ஏறிவிடும். வாந்தி எடுத்தால் வரும் வழியில் இன்னொரு முறை குத்தும். "கருணைக்கிழங்கு அரிக்குமே, அந்த மாதிரியா டாக்டர்?" என்றார் அம்மா. "அதே குடும்பம்தான் ஆன்ட்டி. நீங்க புளி போட்டு வேக வெச்சு சாப்பிடுறீங்க, இவன் பச்சையா கடிச்சிட்டான்."

தொண்டை வீங்கவில்லை. ஓர் ஊசி, 180 வெள்ளி (ரிங்கிட்). ராத்திரி முழுக்க மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மைலோ குழைந்த சோறு தின்கிறான். நான் வீட்டுக்குள் செடிக் கணக்கெடுப்பு நடத்தினேன்.

மணி பிளாண்ட், பீஸ் லில்லி, மான்ஸ்டெரா மூன்றும் புள்ளிச்செடிக்குச் சொந்தக்காரர்கள், அதே ஊசிகள். ஸ்நேக் பிளாண்டில் சபோனின். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அதனால்தான், நாய் வயிற்றுக்குள் போனால் வாந்தியும் பேதியும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி போன வாரம் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்த லக்கி பம்பூவிலும் அதேதான். பெருநாள் பரிசை எப்படித் தூக்கிப் போடுவது? ஃபிரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டேன்.

மணி பிளாண்டை உயரத்தில் தொங்கவிட்டால் போதும் என்று நினைத்தேன். சாயங்காலமே ஒரு பழுத்த இலை கீழே விழுந்து கிடந்தது. அதைப் பார்த்தது மைலோதான் முதலில்.

கற்றாழையை எடுத்து வைக்க அம்மாவிடம் எதிர்ப்பு வரவில்லை. வெட்டினதும் வடியும் மஞ்சள் பாலை ஒழுகவிட்டு ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது அவர் பாட்டி சொன்னது. அந்த மஞ்சள்தான் நாய்க்கும் ஆகாது. சண்டை வந்தது கற்பூரவள்ளியில். "என்னாடி இது, சளி புடிச்சா உனக்கே இந்த இலைதான கொடுத்தேன்!" உனக்கு ஆகும்மா, அவனுக்கு வயிற்றைக் கலக்கும், நிறையத் தின்றால் வாந்தி எடுப்பான் என்றேன். தொட்டி பின்கட்டு சிமெந்து மேடைக்குப் போனது. அம்மா ராத்திரி வரை பேசவில்லை.

பிப்ரவரி 5, புதன்

உள்ளே இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தேன். இத்தனை நாளும் வாசல் கேட்டோரம் நின்ற மரம் கண்ணில் படவில்லை.

இன்று காலை மைலோ கேட்டருகே படுத்திருந்தான். தலைக்கு மேலே கரும்பச்சை இறகு மாதிரி இலைகள். வீட்டுக்காரர் நட்டது, நாங்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தது. எல்லோரும் சாகோ பாம் என்பார்கள். பனையே இல்லை அது, சைக்காஸ். "நாம காய்ச்சுற சாகோ கஞ்சியா?" என்று அம்மா கேட்டதில் தப்பில்லை. கஞ்சி சாகோ மலாய்க்காரர்கள் ரும்பியா என்று சொல்லும் வேறு மரத்தின் மாவு. இந்தச் சைக்காஸிலோ இலை, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு, விதை எல்லாவற்றிலும் கொடியது. ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொல்லக்கூடும். சைக்காசின் என்ற நஞ்சு ஈரலை அழிக்கும். முதலில் வாந்தி, அப்புறம் தேறியது போலவே தெரியும், இரண்டு மூன்று நாளில் ஈரல் கைவிட்டுவிடும்.

புள்ளிச்செடி கடித்த நிமிடமே கத்த வைத்தது. இது கத்த வைக்காது. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "இருபது வருஷ மரம்" என்றார். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். கேட்டருகே நாற்காலிகளை அடுக்கி மறித்திருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

சுங்கை பூலோ நர்சரிகளுக்கு அம்மாவோடு. ஒரு காலத்தில் தொழுநோயாளர் குடியிருப்பாக இருந்த இடம். அங்கே இருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கியதுதான் இன்று சாலை நெடுகத் தொட்டிகளாக நிற்கிறது.

நாய் இருக்கிறது என்று சொன்னால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் "ஓகே, ஓகே" என்கிறார். அடினியம் ஒன்று, ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கியது. கையில் எடுத்தேவிட்டேன். அம்மா பூவைப் பார்த்தார், அடிமரத்தைப் பார்த்தார். "அரளி மாதிரி இல்ல இருக்கு?" என்றார். தேடிப் பார்த்தால் அரளிக் குடும்பமேதான், இதயத்தைத் தாக்கும் நஞ்சு. இனி செடி வாங்க அம்மா இல்லாமல் போகமாட்டேன்.

அரிக்கா பாம், பாஸ்டன் ஃபெர்ன், ஸ்பைடர் பிளாண்ட், ஒரு மல்லிகை. எல்லாம் நாய் கடித்தாலும் பயமில்லாதவை. நத்தை மருந்து இலவசமாகப் பையில் போட்டார், திருப்பிக் கொடுத்தேன். மெட்டால்டிஹைட் கலந்த அந்த மணிகளை நாய் தின்றால் வலிப்பு வரும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பத்துமலையில் பால்குடம். மைலோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம். ஃபிரிட்ஜ் மேலிருந்த பம்பூவை அவர் பார்த்துவிட்டார். காரணம் சொன்னதும், "அப்போ என் வீட்டு நாய்க்கு?" என்று ஓடினார்.

பிப்ரவரி 15, சனி

வீட்டுக்காரர் வந்தார், மருமகனும் லோரியும் கூட. மெதுவாக வளர்வதால் சைக்காஸுக்கு நல்ல விலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல, முகத்தில் சிரிப்பு. உங்கள் வீட்டில் நாய், பூனை உண்டா என்று கேட்டேன். "இல்லை, விற்கப் போகிறேன்." வாங்குகிறவரிடம் சொல்லுங்கள் அங்கிள் என்றேன். தலையாட்டினார். சொல்வாரா தெரியாது.

மரம் போன குழி ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. மைலோவுக்கு அதைவிடச் சொர்க்கம் இல்லை. மூக்கால் கிளறுகிறான். மண்ணில் பவளம் போல முடிச்சு முடிச்சாக வேர்த்துண்டுகள். அவனைச் சங்கிலியில் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். இருட்டிவிட்டது, அம்மா டார்ச் பிடிக்கிறார். நான் ஒவ்வொரு கைப்பிடி மண்ணையும் அரிசி களைவது போலப் பார்த்துப் பார்த்து ஒதுக்குகிறேன். பின்னால் சங்கிலி முனையில் அவன் வாலாட்டும் சத்தம்.