பிளவ் லேனில் என் சனி இரவுகள்

தென் இலண்டனின் டூட்டிங்கில் குடியிருந்த எங்களுக்கு விம்பிள்டன் என்றால் டென்னிஸ் அல்ல. நடந்தே போய்விடக்கூடிய பிளவ் லேனில் இருந்த நாய்ப் பந்தய அரங்கந்தான். அங்கே டோட் சீட்டு, அதாவது கட்டிய பணத்தையெல்லாம் சேர்த்து வென்றவர்களுக்குப் பங்கிடும் பந்தயச் சீட்டு, விற்கும் யன்னலில் சில ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை செய்தேன்.

ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கால்மணி நேரம் கிடைக்கும். முதற் பத்து நிமிடம் யன்னலை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாய்களைக் கூண்டுகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியதும் வரிசை திடீரென நீண்டுவிடும். ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்குச் செம்மஞ்சள், ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு என்று நாய்களின் சட்டை நிறங்கள் நாடெங்கும் மாறாதவை என்பதால், இலண்டன் ஆங்கிலம் காதில் ஏறாத என் முதல் வாரங்களில் நிறத்தைச் சொன்னாலே சீட்டை அடித்துக் கொடுத்துவிடுவேன். இயந்திர முயல் கடந்து கதவுகள் திறந்தால், 480 மீற்றர் ஓட்டம் முப்பது விநாடிக்குள் முடிந்துவிடும்.

பக்கத்து யன்னலில் இருந்த பெரியவருக்கு நாய்கள் ஒரு பொருட்டே அல்ல. 1928-இல் நாய்ப் பந்தயத்துக்காகத் திறக்கப்பட்ட அந்த அரங்கில் விரைவிலேயே தொடங்கிய ஸ்பீட்வேதான் அவருடைய உலகம். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களில் நால்வர் நான்கு சுற்று ஓடுவதையும், இடக்காலில் மாட்டிய இரும்புக் காலணி தரையில் உராய வண்டி பக்கவாட்டில் சறுக்கித் திரும்புவதையும் அவர் கையை வளைத்துக் காட்டுவார். விம்பிள்டன் வீரர் ரொனி மூர் 1954, 1959 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் ஆனதைச் சொல்லும்போது, வண்டி எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெய் எரியும் வாசனை இன்னும் மூக்கில் நிற்பதாகச் சொல்வார். ஸ்பீட்வே 1991-இல் நின்று, 2002-இல் மீண்டு, 2005-இல் ஓய்ந்தது.

1961-இல் தெருவோரப் பந்தயக் கடைகள், நம்மவர் பேச்சில் ‘புக்கி’, சட்டபூர்வமானபோதே அரங்குக்கு வந்து பணம் கட்ட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஆயினும் இலண்டன் அரங்குகளை விழுங்கியதில் நிலத்தின் விலைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே என் எண்ணம். வைட் சிட்டி அரங்கு 1984-இல் மூடப்பட்டதால்தான் நாட்டின் முதன்மையான நாய்ப் பந்தயமான டேர்பி எங்களிடம் வந்தது. வோல்தம்ஸ்டோ 2008-இல் போயிற்று. எங்கள் முறை 2017 மார்ச் 25. இப்போது அங்கே குடியிருப்புகளும் காற்பந்து அரங்கும் நிற்கின்றன.

அந்தக் கடைசிச் சனி இரவு கணக்கு முடித்தபோது, வென்ற சீட்டுகள் பலவற்றுக்கு எவரும் பணம் வாங்க வரவில்லை. நினைவுக்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.