மூன்று இன்ச்: ஒரு 1931 ஃபோர்டு ட்யூடரின் நாட்குறிப்பு

2024 நவம்பர் 9, சனி

காலை பத்தரைக்கு டிரெய்லர் வந்து சேர்ந்தது. நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த 1931 ஃபோர்டு மாடல் ஏ செடான். டூ டோர் என்பதைத்தான் ஃபோர்டு ‘ட்யூடர்’ என்று சேர்த்தெழுதி விற்றது. நாலு கதவு வண்டிக்கு ‘ஃபோர்டோர்’. இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, சீட்டும் இல்லை. உள்ளே எலிக்கூடும் உலர்ந்த புல்லும்தான்.

ஆனால் தகடு அப்படியே இருக்கிறது. இங்கே மிச்சிகனில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். பழைய வண்டியின் அடிப்பாகத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி உதிரும். இது பாலைவனத்து வண்டி. கதவுக்குக் கீழே விரலால் சுண்டினேன், கணீரென்றது. ஒன்றரை வருடம் தேடியது இந்தச் சத்தத்துக்காகத்தான்.

நவம்பர் 10

ராத்திரி உட்கார்ந்து திட்டம் எழுதினேன். இதை ஒரு ஹாட் ராட் ஆக்க வேண்டும், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார். 1930களில் தெற்கு கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றிவிட்டு, மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் வேகம் பார்த்தார்கள். அந்தப் பையன்களின் கிளப்புகள் சேர்ந்து 1937-ல் எஸ்சிடிஏ என்ற வேகப் போட்டிச் சங்கம் அமைத்தன. போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் வெல்டிங், லேத் எல்லாம் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகையே தொடங்கிவிட்டது. கையில் காசு குறைவு, பழைய இரும்புக் கடையில் பாகம் மலிவு. அதிலிருந்து பிறந்த கலை இது.

அதனால் எனக்கு ஒரே விதி. இதில் ஏறப் போகிற இன்ஜின் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் ‘பிளாட்ஹெட் வி8’. அது அமெரிக்கக் கார்களில் கடைசியாக வந்தது 1953-ல். அதற்குப் பிறகு வந்த பாகம் எதுவும் இந்த வண்டியில் ஏறாது. சீட் பெல்ட் மட்டும் விலக்கு. பின் சீட்டில் என் மகள் உட்காரப் போகிறாள்.

நவம்பர் 24

நாமக்கல்லுக்கு வீடியோ கால் போட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினேன். சித்தப்பா நாற்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டியவர். கூரையை மூன்று இன்ச் அறுத்து இறக்கப் போகிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

“ஏங்கண்ணு, நல்லா இருக்கற வண்டிய எதுக்கு அறுக்கோணும்?”

அவருக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மாடல் ஏ உயரமான வண்டி, தொப்பி போட்டவர்கள் நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஏரிப்படுகையில் ஓட்டியவர்களுக்குக் காற்று பெரிய எதிரி. கூரை தாழ்ந்தால் முன்னால் தடுக்கும் பரப்பு குறையும். அது ஒரு காரணம். கண்ணுக்கு வண்டி தரையோடு ஒட்டி நிற்கிற அழகு இன்னொரு காரணம். இரண்டையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அறுக்கறதுன்னா உள்ளாற மொதல்ல சட்டம் கட்டிப்போடு. பாடி நெளிஞ்சுதுன்னா கதவு சாத்தாது,” என்றார்.

சரிங்க சித்தப்பா என்றேன்.

டிசம்பர் 15

சேஸிஸ் வேலை. மாடல் ஏ சட்டம் ‘ப’ வடிவத் தகடு. 40 குதிரைசக்தி நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு அது போதும். அதைப்போல் இரண்டரை மடங்கு சக்தியுள்ள வி8 ஏறினால் முறுக்கும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டக் கூடாது. ஒரு இன்ச் இங்கே, அடுத்தது எதிர்முனையில், நடுவே ஆற விட வேண்டும். இரண்டு பக்கமும் முடிக்க மூன்று வார இறுதிகள் போயின. மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்துப் பார்த்தேன், வித்தியாசம் ஒரு நூல்கூட இல்லை.

2025 ஜனவரி 18

மோசமான நாள். இலையுதிர் காலத்தில் வாங்கி வைத்திருந்த இன்ஜின் பிளாக் உடைசல்.

விற்றவர் “செக் பண்ணினது” என்றுதான் கொடுத்தார். லேத் பட்டறையில் இரும்பைக் காந்தமாக்கி மேலே நுண்ணிய இரும்புத்தூளைத் தூவினார்கள். வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில், வால்வு உட்காரும் வளையத்திலிருந்து சிலிண்டருக்குள் ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. தூள் தானாகப் போய் விரிசலில் வரிசை கட்டி நிற்கிறது. துடைத்துவிட்டு மறுபடி தூவினோம். அதே கோடு.

இந்த இன்ஜினின் பிறவிக் குணம் அது. வால்வுகள் தலையில் இல்லை, சிலிண்டர் பக்கத்திலேயே பிளாக்கில் இருக்கின்றன. எரிந்த புகை வெளியே போகிற வழியும் பிளாக்கின் தண்ணீர் அறைகளுக்கு நடுவே போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வாசல். அந்தச் சூடு முழுக்க இரும்புக்கும் தண்ணீருக்கும்தான் ஏறும். போல்ட் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே வரும் சின்ன விரிசலை ஆணி அடித்து அடைக்கலாம். சிலிண்டருக்குள் இறங்கியதை நம்பி நான் வண்டி ஓட்ட மாட்டேன்.

பிப்ரவரி 9

வேறு பிளாக் கிடைத்தது. ‘59ஏபி’, போருக்குப் பிறகு வந்த 239 கன இன்ச், 100 குதிரைசக்தி வகை. இந்தத் தடவை காசு கொடுப்பதற்கு முன்பே தூள் தூவிப் பார்த்தோம். சுத்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் தண்ணீர் அறைகளைத் தோண்டினேன். வார்ப்பு வார்த்தபோது தங்கிய மணல், துரு, உள்ளே விட்டுப்போன கம்பித் துண்டுகள். பழைய சைக்கிள் பிரேக் கேபிளின் முனையைப் பிரித்து, டிரில்லில் மாட்டி, ஒவ்வொரு துளையாக விட்டுச் சுழற்றினேன். ஒரு காபி டப்பா நிறைய வந்தது. எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த மணல் உள்ளேயே சூடாகிக்கொண்டு இருந்திருக்கிறது. பிளாட்ஹெட் என்றாலே கொதிக்கும் என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இந்த டப்பாவை நிரப்பிப் பார்த்திருப்பார்கள்?

பிஸ்டனை நாலு இன்ச் ஏற்றி இறக்கும் மெர்க்குரி கார் கிராங்க் ஒன்றும் கிடைத்தது. அதைப் போட்டால் 239 கன இன்ச் என்பது 255 ஆகும்.

மார்ச் 1

டெட்ராய்ட் ஆட்டோராமா, மாற்றிக் கட்டிய கார்களின் கண்காட்சி. மேல் தளத்தில் ரிட்லர் விருதுக்குப் போட்டியிடும் கார்கள், கண்ணாடி மாதிரி பெயிண்ட். மதிக்கிறேன், ஆனால் என் நேரம் முழுக்கக் கீழ்த் தளத்தில்தான் போனது. பழைய பாணி வண்டிகள் அங்கேதான் நிற்கும். கூரை அறுத்த ட்யூடர்களின் வெல்டு எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தேன்.

ஏப்ரல் 5

கூரை.

மேலே இருந்த துணியை முதலில் உரித்தோம். மாடல் ஏ காலத்தில் அவ்வளவு பெரிய கூரையை ஒரே தகடாக அடிக்கவில்லை. நடுவில் மரச்சட்டம், அதன்மேல் கோழிக்கூண்டு வலை, பஞ்சு, கறுப்புத் துணி. மரம் கையோடு வந்துவிட்டது. அப்புறம் சித்தப்பா சொன்னபடி உள்ளே ஒரு இன்ச் சதுரக் குழாயால் குறுக்கும் நெடுக்கும் சட்டம் கட்டினேன். கதவுகளைச் சாத்தி, இடைவெளி மாறாமல் அவற்றையும் பிணைத்தேன்.

கோடு போடவே அரை நாள். ரசமட்டம் வைத்து வண்டியைச் சமமாக்கி, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு தூணிலும் மூன்று இன்ச் அகலத்துக்கு டேப் ஒட்டினோம். தூண் எங்கே நேராக, மேலும் கீழும் ஒரே தடிமனாக இருக்கிறதோ அங்கேதான் அறுக்க வேண்டும். பின் ஜன்னலைத் தொடவில்லை. அதன் மேலேயும் கீழேயும் பிரித்து எடுத்தோம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், டை மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ரம்பத்தின் மறுமுனையில் நின்றார். கடைசித் தூண் விட்டதும் நாலு பேர் கூரையைத் தூக்கினோம். பன்னிரண்டு வயது மகளும் ஒரு மூலை பிடித்தாள். தலை இல்லாத வண்டியைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. துண்டுகளை எடுத்துவிட்டு மெதுவாக இறக்கினோம். முன் தூண்கள் ஏறக்குறைய செங்குத்தானவை, அப்படியே உட்கார்ந்தன. பின் மூலைகள் கால் இன்ச் விலகி நின்றன.

ஏப்ரல் 19

பின் மூலைகளில் சின்ன வெட்டு விட்டு, சூடாக்கி, தட்டிச் சேர்த்தேன். எல்லாத் தையலும் கேஸ் வெல்டிங். மின்சாரத்தில் வைக்கும் மிக் வெல்டு சீக்கிரம் முடியும், ஆனால் அந்தத் தையல் கெட்டி, சுத்தியல் தாங்காது. கேஸில் வைத்தது மிருதுவாக இருக்கும். பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்து முன்னால் தட்டத் தட்டத் தகட்டோடு தகடாகப் படியும். சித்தப்பா கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். “பட்டி பூசி மூடிராத. இப்படியே அரம் போட்டு முடி,” என்றார்.

இடது கதவின் மேல் மூலையில் இரண்டு தடவை பிரித்து மறுபடி வைத்தேன். இப்போது கையைத் தடவினால் எங்கே அறுத்தோம் என்று தெரியவில்லை. பட்டி ஒரு ஸ்பூன்கூட இல்லை.

ஜூன் 8

வேகமாகப் போகிற மாதம். நாலு இன்ச் இறக்கிய முன் ஆக்ஸில் ஏறியது. ஃபோர்டு 1939-ல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது, அதனால் 1940 வண்டியின் பிரேக் டிரம்கள். 1939 கியர்பாக்ஸ். பெட்ரோல் டேங்க் பின்னால் போய்விட்டது. மாடல் ஏ-யில் அது டேஷ்போர்டாகவே, முழங்காலுக்கு நேர் எதிரே இருக்கும். இரண்டு ஸ்ட்ரோம்பர்க் 97 கார்புரேட்டர்களைச் சமன் செய்ய ஒரு ஞாயிறு போனது.

ஜூலை 12

இன்ஜின் சுற்ற மறுத்தது. பேட்டரி புதுசு, ஸ்டார்ட்டர் புதுசு, ஆனாலும் கிழவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றாகத் திணறியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கேபிளைத் தொட்டேன், கொதித்தது. கடையில் வாங்கியது 12 வோல்ட் வண்டிக்கான கேபிள். இது 6 வோல்ட் வண்டி, அதே சக்திக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், கம்பியும் அதற்கேற்ற பருமன் வேண்டும். தடித்த வெல்டிங் கேபிளை வெட்டி முனை வைத்து மாட்டினேன்.

மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. மகள் “அப்பா!” என்று கத்தியது உதடு அசைந்ததில்தான் தெரிந்தது. மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி, கீழே இறங்கி, மறுபடி ஏறுகிற ஒரு பாட்டு. இந்த இன்ஜினுக்கு மட்டும் உள்ள குரல் அது. ரெண்டு வாட்டர் பம்ப்பும் ஒழுகவில்லை. இருபது நிமிடம் ஓட விட்டேன், முள் 180 ஃபாரன்ஹீட்டில் நின்றது.

ஆகஸ்ட் 16, சனி

உட்வர்ட் சாலையில் இன்று ட்ரீம் க்ரூஸ், பழைய கார்களின் ஊர்வலம். 1995-லிருந்து நடக்கிறது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை, ரெட் ஆக்ஸைடு பிரைமரோடுதான் கிளம்பினோம். மகள் பின் சீட்டில், சீட் பெல்ட்டோடு. மூன்று இன்ச் குறைந்த ஜன்னலில் சாலை ஒரு நீளமான பட்டையாகத் தெரிகிறது. சிக்னல் விளக்கைப் பார்க்கக் கொஞ்சம் குனிய வேண்டும். கூட்டத்தில் நின்று நின்று நகர்ந்தோம், முள் 190-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது.

ஒரு சிக்னலில் வயதான ஒருவர் பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல், பின் மூலையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். வெல்டு ஓடுகிற அதே இடம். “எங்கே?” என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன்.

40 மைல் வேகத்துக்கு மேல் இடது கதவு கலகலக்கிறது. கீல் பின்னைப் பார்க்க வேண்டும்.